முகாமில் சிவப்புக் கொடி யார் கையில்?

தீபாவளி விடுமுறையில் நமது சங்கத்தின் மாணவர் முகாம் கர்ஜத் மலையடிவாரத்தில் நடக்கவிருக்கிறது. இரண்டு இரவு, மூன்று பகல். தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில், செம்பூர், கல்யாண் கிளைகளிலிருந்து 120 பிள்ளைகள். உடன் 30 தொண்டர்கள். பத்துக்குப் பத்து கோலியில் பிறந்து, கோலியிலேயே படித்து, கோலியிலேயே தூங்கும் நம் பிள்ளைகள் மூன்று நாளாவது வானத்தைப் பார்க்கட்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

வேறுபாடு வேறொன்றில் வந்தது. செயற்குழுவில் கழிப்பறை, கொசுவலை, மருந்துப் பெட்டி, இரவு காவல், அவசர வண்டி என்று பட்டியல் வாசிக்கப்பட்டபோது ஒரு மூத்த தோழர் எழுந்து, "நாம் முகாம் நடத்தப்போகிறோமா, ஆஸ்பத்திரி நடத்தப்போகிறோமா?" என்று கேட்டார். சிரிப்பும் எழுந்தது, கைதட்டலும் கிடைத்தது. இன்னொருவர், "நாமெல்லாம் ஊரில் ஆற்றில் குதித்து, களத்துமேட்டில் படுத்துத்தானே வளர்ந்தோம், நமக்கு என்ன ஆகிவிட்டது?" என்றார்.

அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. குதித்துக் கரையேறியவர்கள்தாம் இன்று செயற்குழுவில் உட்கார்ந்து பேசுகிறோம். கரையேறாதவன் வந்து பேச முடியாது. நெல்லைச் சீமையிலிருந்து வந்த எந்தக் குடும்பத்தையும் கேட்டுப் பாருங்கள். கிணற்றில் போன ஒரு சித்தப்பா, பாம்பு தீண்டிய ஒரு அத்தை இல்லாத வீடு எது?

"தொண்டர்கள் சம்பளம் வாங்காமல் செய்கிறார்கள், அவர்களிடம் இத்தனை கணக்குக் கேட்கலாமா?" என்பது இரண்டாவது வாதம். கேட்கத்தான் வேண்டும் என்கிறோம். சாரத்தில் ஏறும் தொழிலாளிக்குப் பெல்ட் கொடுக்காத ஒப்பந்தக்காரனை எதிர்த்து வாசல் கூட்டம் போடுகிறவர்கள் நாம். சாக்கடைக் குழிக்குள் நம் சகோதரனை இறக்கிவிட்டு, "அவன் பழக்கப்பட்டவன்" என்று சொல்கிறவனைப் பார்த்துக் கொதிப்பவர்கள் நாம். அதே நாம், பிள்ளைகளை ஒரு பொட்டலுக்கு அழைத்துப்போய், "பழக்கப்பட்ட பிள்ளைகள்தானே, சமாளித்துக்கொள்ளும்" என்றால் அந்த ஒப்பந்தக்காரனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? ஏழையின் உயிர் மலிவு என்ற எண்ணம் முதலாளியிடம் மட்டும் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. பல நேரம் நமக்குள்ளேயே அது குடியிருக்கிறது.

நல்ல நோக்கம் தீயை அணைத்ததில்லை. 1995 டிசம்பர் 23 அன்று ஹரியானாவின் டப்வாலியில் பள்ளி ஆண்டு விழா. ஷாமியானாப் பந்தலில் தீப்பிடித்தது. வெளியேற வழி போதவில்லை. பிள்ளைகளும் பெற்றோருமாக 400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். விழா நடத்தியவர்கள் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையல் நடந்த இடத்துக் கீற்றுக் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. பிள்ளைகள் பசியாற வேண்டும் என்றுதான் அந்த அடுப்பும் எரிந்தது.

ஆகவே நமது பந்தல் துணி எது, அடுப்பு எங்கே, பந்தலுக்கு எத்தனை வாசல் என்று கேட்பதை யாரும் நையாண்டி செய்ய வேண்டாம். அடுப்பு பந்தலிலிருந்து தள்ளி, காற்று வீசும் திசையைப் பார்த்து அமைய வேண்டும். கேஸ் சிலிண்டர் வெயிலில் கிடக்கக் கூடாது. பந்தலுக்கு எதிரெதிராக இரண்டு வாசல் வேண்டும், இரண்டிலும் செருப்புக் குவியல் கூடாது. மணல் வாளி நிரம்பியிருக்க வேண்டும். ஜெனரேட்டரைப் பிள்ளைகள் படுக்கும் கூடாரத்தின் பக்கம் கொண்டுவரவே கூடாது. அதன் புகை நெடி தெரியாமலே தூக்கத்தில் ஆளை முடித்துவிடும்.

இனி முக்கியமான விஷயம். முகாமை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு?

ரயில்வேயில் வேலை செய்யும் தோழர்களுக்கு இது தெரியும். தண்டவாளத்தில் நடந்துபோகும் கேங்மேன் ஒரு விரிசலைப் பார்த்துவிட்டால் சிவப்புக் கொடியை நாட்டிவிட்டு, 1,200 மீட்டர் எதிரே ஓடி வெடி வைக்கிறான். வருவது ராஜதானியாக இருந்தாலும் நிற்க வேண்டியதுதான். உள்ளே அமைச்சர் இருந்தாலும் நிற்க வேண்டியதுதான். நிறுத்தியவனின் சம்பளக் கிரேடு என்ன என்று டிரைவர் கேட்பதில்லை. இந்திய ரயில்வேயில் எத்தனையோ குறைகள் உண்டு, இந்தப் பத்திரிகையிலேயே எழுதியிருக்கிறோம். ஆனால் இந்த ஒரு விதியில் உள்ள ஜனநாயகம் நம் சங்கங்களிலும் கட்சிகளிலும் கிடையாது.

நம் மேடைகளில் என்ன நடக்கிறது? தலைவர் வருவார், வருவார் என்று வெயிலில் உட்கார வைக்கிறோம். எழுந்து போகும் பிள்ளையை அதட்டி உட்கார வைக்கிறோம். 2023 ஏப்ரல் 16 அன்று நமக்கு மிக அருகில், நவி மும்பை கார்கரில், திறந்தவெளியில் மாநில அரசின் விருது விழா நடந்தது. உச்சி வெயில் ஏற ஏற விழா நீண்டது. வெயில் தாக்கி 14 பேர் இறந்தார்கள். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் காலை முதல் காத்திருந்த கூட்டம். தலைவர் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. நெரிசலில் குழந்தைகள் உட்பட 41 பேர் உயிரிழந்தார்கள். எந்தக் கட்சி, யார் குற்றம் என்று அடித்துக்கொள்வதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். "போதும், நிறுத்துங்கள்" என்று சொல்லக்கூடிய, சொன்னால் கேட்கப்படக்கூடிய ஒரு ஆள் அந்த இடங்களில் இருந்தாரா என்பதே நமது கேள்வி.

நமது முகாமில் அப்படி ஒரு ஆள் இருக்க வேண்டும். அவர் தலைவராகவோ செயலாளராகவோ இருக்கக் கூடாது, ஏனென்றால் அவர்களுக்கு நிகழ்ச்சி நடந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கும். மருத்துவமனையில் நர்சாக வேலை பார்க்கும் நம் சகோதரிகளில் ஒருவர் பாதுகாப்புப் பொறுப்பாளராக இருக்கட்டும் என்று முன்மொழிகிறோம். அவர் கை உயர்த்தினால் பேச்சு நிற்க வேண்டும், ஓட்டப்பந்தயம் நிற்க வேண்டும், தேவைப்பட்டால் முகாமே கலைய வேண்டும். பேசிக்கொண்டிருப்பது மாநிலத்தின் பெரிய தலைவராக இருந்தாலும் சரி. காலை 11 மணியிலிருந்து மாலை 4 மணிவரை பிள்ளைகளை நிழலை விட்டு வெளியே விடக் கூடாது. மழை போனபின் வரும் அக்டோபர் வெயிலின் கொடுமை மும்பைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வெயிலைப் பற்றிப் பேசினால் தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டும். தண்ணீரைப் பற்றிப் பேசினால் கழிப்பறையைப் பற்றிப் பேச வேண்டும். இதைப் பேச நம் ஆண்களுக்குக் கூச்சம். கூச்சப்பட்டால் காரியம் ஆகாது.

பேரிடர் நிவாரண முகாம்களுக்கு உலக நிவாரண அமைப்புகள் 'ஸ்பியர்' என்ற பெயரில் ஓர் அளவுகோல் வைத்திருக்கின்றன. ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை. வீடு இழந்து ஓடிவந்தவர்களுக்கே இது குறைந்தபட்சம். நாம் 150 பேர். நாளொன்றுக்கு 2,250 லிட்டர், எட்டு கழிப்பறை. "நாலு போதும், பையன்கள் காட்டுப் பக்கம் போய்க்கொள்வார்கள்" என்று செயற்குழுவில் ஒரு குரல் வந்தது. பையன்கள் போவார்கள். பெண்பிள்ளைகள்?

சாலில் வாழும் தாய்மார்களுக்கு இதற்குப் பதில் தெரியும். பொதுக் கழிப்பறை வரிசைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் நாளைக் கடத்திய நாட்கள் அவர்களுக்கு உண்டு. கதவில்லாத, விளக்கில்லாத கழிப்பறையைப் பார்த்த பெண்பிள்ளை என்ன செய்யும்? தண்ணீரை நிறுத்திவிடும். யாரிடமும் சொல்லாது. மறுநாள் வெயிலில் சுருண்டு விழும். நாம் சோடா தெளித்து, "காலையில் சாப்பிடவில்லை போல" என்று சொல்லிக்கொள்வோம். அதனால் தண்ணீர்க் குடமும் கழிப்பறையும் ஒரே செலவு. இரண்டையும் பிரித்துக் கணக்கெழுதக் கூடாது. பெண்பிள்ளைகளின் கழிப்பறை தனியாக, உள்தாழ்ப்பாளோடு, இரவு முழுக்க விளக்கோடு, அவர்கள் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். உள்ளே துணி, நாப்கின் போடுவதற்கு மூடியுள்ள வாளி இருக்க வேண்டும். வெளியே சோப்பும் தண்ணீரும் இருக்க வேண்டும். கை கழுவாமல் சமையல் பக்கம் யாரும் போகக் கூடாது.

இதெல்லாம் ஏழை நாட்டுத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். 2023 ஆகஸ்டில் தென்கொரியாவின் சேமாங்கும் என்ற இடத்தில் உலகச் சாரணர் பெருமுகாம் நடந்தது. 40,000-க்கும் மேற்பட்ட இளைஞர்கள். பணத்துக்குக் குறைவில்லாத நாடு. நிழல் இல்லாத வெட்டவெளியில் இடம் பிடித்தார்கள், கழிப்பறைகள் நாறின, வெயிலில் நூற்றுக்கணக்கானோர் நோய்ப்பட்டார்கள். பிரிட்டன் சாரணர்களும் அமெரிக்கச் சாரணர்களும் பாதியிலேயே மூட்டை கட்டினார்கள். கடைசியில் புயல் வருகிறது என்று மொத்த முகாமையும் காலி செய்தார்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்தபோதே பாதித் தவறு முடிந்துவிட்டது. பிறகு பணத்தைக் கொட்டிப் பயனில்லை.

குடிக்கும் தண்ணீர் கொதிக்க வைத்ததாக இருக்கட்டும், அல்லது குளோரின் மாத்திரை போட்டதாக இருக்கட்டும். கிணற்றுத் தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்பது சாட்சியம் ஆகாது. வயிற்றோட்டம் கண்டால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். அது கைவசம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் கெடுதல் என்பதால் கை அளவில் போடாதீர்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். வழியில் சாப்பிட என்று விடியற்காலை மூன்று மணிக்கே தயிர்சாதம் கட்டிக் கொடுப்பீர்கள். அன்போடுதான் கொடுக்கிறீர்கள். ஆனால் அக்டோபர் வெயிலில், மூடிய டப்பாவில், மதியம் ஒரு மணிவரை அது தாங்காது. சோறு வெதுவெதுப்பாக நேரம் கடத்தினால் அதில் கிளம்பும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போவதில்லை. நம் பாட்டிமார் பயணத்துக்குப் புளிச்சோறு கட்டினார்களே, காரணம் இல்லாமலா? புளிப்பு கிருமியை அவ்வளவு சுலபமாக வளரவிடாது. முகாமிலும் சமைத்தது இரண்டு மணி நேரத்துக்குள் இலையில் விழ வேண்டும். மீந்ததை இரவுக்கு வைக்கும் சிக்கனம் வேண்டாம்.

பயணம் பற்றி ரயில்வேக்காரர்கள் சொல்வதைச் சற்றுக் கேட்டுக்கொள்ளுங்கள். 120 பிள்ளைகளைக் குர்லாவில் வைத்து லோக்கலில் ஏற்றுவது என்பது பைத்தியக்காரத்தனம். வண்டி நிற்பது சில விநாடிகள். பாதிப் பிள்ளைகள் உள்ளே, பாதி பிளாட்பாரத்தில் என்று ஆகிவிடும். சி.எஸ்.எம்.டி.யில் காலி வண்டியில் ஏறுவோம். கர்ஜத் கடைசி நிலையம், நிதானமாக எண்ணி இறக்கலாம். புறப்படும் இடத்தில் ஏறுவது, முடியும் இடத்தில் இறங்குவது என்ற இந்த ஒரே காரணத்துக்காகவே நடுவில் உள்ள நிலையங்களை விட்டுக் கர்ஜத்தைத் தேர்ந்தெடுத்தோம். சுமார் 100 கிலோமீட்டர் பிள்ளைகள் கதவருகே நிற்கக் கூடாது. ஒவ்வொரு கதவிலும் ஒரு தொண்டர். 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா வளைவில் படியில் தொங்கியவர்கள் விழுந்து மாண்டதை மறந்துவிட்டோமா?

எண்ணிக்கை பற்றியும் ரயில்வேயில் ஒரு பழக்கம் உண்டு. சிக்னலில் விளக்கு எரியவில்லை என்றால் 'வழி தெளிவு' என்று டிரைவர் நினைத்துக்கொள்வதில்லை. எரியாத சிக்னலைச் சிவப்பு என்றே எடுத்துக்கொண்டு நிறுத்துவார். முகாமிலும் அப்படியே. மஸ்டர் எடுக்கும்போது ஒரு பெயருக்குப் பதில் வரவில்லையென்றால், "எங்கேயாவது விளையாடிக்கொண்டிருப்பான்" என்பது பதில் அல்ல. கண்ணால் காணும்வரை அந்தப் பிள்ளை காணாமல் போனதாகவே கணக்கு. பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர். அவர் கையில் பெயர்ப்பட்டியல். விடிந்ததும், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும், படுக்கும் முன்பும் மஸ்டர்.

ஆற்றுக் குளியல் உண்டா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கிடையாது. 2014 ஜூனில் ஹிமாசலத்தின் பியாஸ் ஆற்றில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை மேலிருந்து திறந்துவிட்ட அணைத் தண்ணீர் வாரிக்கொண்டு போனது. 2024 ஜூன் 30 அன்று லோனாவ்லாவில், கர்ஜத்துக்கு மலைமேல் பக்கத்து ஊர்தான், பூஷி அணைக்குப் பின்னால் அருவியில் நின்ற ஒரே குடும்பத்தில் ஐந்து பேர் போனார்கள். நீச்சல் தெரியும் என்று தோள் தட்டுகிறவர்களைத்தான் தண்ணீர் முதலில் கேட்கிறது. இதில் பேச்சுக்கே இடமில்லை.

பாம்பு, தேள் விஷயம் அப்படி ஒரே வரியில் தள்ளிவிடக் கூடியது அல்ல. நாம் போகும் காலம் கொங்கணத்தில் நெல் அறுப்புக் காலம். எலி இருக்கும் இடத்தில் பாம்பு இருக்கும். 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். அதனால்தான் அது பெரிய செய்தி ஆவதில்லை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குமே இந்தப் பக்கம் உண்டு. இவற்றில் நமக்கு அதிக அபாயம் கட்டுவிரியன். தரையில் தூங்குகிறவனை இரவில் கடிக்கும். கடித்த வலி பெரிதாகத் தெரியாது. விடியற்காலை வயிற்று வலி என்று பிள்ளை எழும், இமை தானாகத் தொங்கும். அஜீரணம் என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தால் பிள்ளை போய்விடும். இதற்குத்தான் கொசுவலை. வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நாலு பக்கமும் செருகிவிட்டுப் படுத்தால் கொசுவும் வராது, பாம்பும் வராது. கொசுவலைக்குச் செலவு எதற்கு என்று கேட்ட தோழர் இதைக் கவனிக்க வேண்டும்.

கடித்துவிட்டால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிறு போட்டு இறுக்கக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் தூக்கி வண்டியில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கேதான் கிடைக்கும், பணமும் கேட்பதில்லை. மந்திரவாதி வீட்டு வாசலில் போகும் அரை மணி நேரம்தான் பல உயிர்களைக் குடித்திருக்கிறது. ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்துக்குப் பெரும்பகுதி விஷம் நம் தமிழ்நாட்டில், மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்துதான் போகிறது. 1978-இல் தொடங்கிய சங்கம் அது. அந்த இருளர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கூலிக்குப் பாம்பு பிடித்துத் திரிந்த மக்களின் உழைப்பு இன்று நாடெங்கும் மருத்துவமனை அலமாரியில் மருந்தாக நிற்கிறது.

தேளுக்கும் ராய்கட் மாவட்டத்திலேயே ஒரு பெரியவர் இருக்கிறார். மஹாடில் வைத்தியம் பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர். செந்தேள் கொட்டி இருதயம் செயலிழந்து சாகும் கிராமத்து மக்களைப் பார்த்துப் பார்த்து, பிராசோசின் என்ற இரத்த அழுத்த மாத்திரையால் அவர்களைக் காப்பாற்ற முடியும் என்று காட்டியவர். அந்தச் செந்தேளின் அறிவியல் பெயரில் 'தமுலஸ்' என்று இருக்கிறது. புலம்பெயர்ந்த நாம் மட்டுமல்ல, அதுவும் ஒரு வகையில் நம்ம ஊர்ப் பெயரோடு இங்கே வாழ்கிறது! கொட்டினால் வலிதானே என்று உட்காரக் கூடாது. வாந்தி, குளிர்ந்த வியர்வை, கை கால் சில்லிடுதல் கண்டால் உடனே மருத்துவமனை. காலையில் செருப்பைத் தட்டிவிட்டு மாட்டு, கல்லைப் புரட்டாதே, இருட்டில் டார்ச் இல்லாமல் இறங்காதே. பிள்ளைகளுக்கு இவ்வளவு சொன்னால் போதும்.

இதற்கெல்லாம் முன்கூட்டியே மருத்துவமனைக்கு ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவர வேண்டும். இரவில் டாக்டர் இருக்கிறாரா, விஷமுறிவு மருந்து இருப்பு இருக்கிறதா, முகாமிலிருந்து எத்தனை நிமிடம் ஆகிறது என்று வண்டியிலேயே போய்ப் பார்க்க வேண்டும். 108-க்குப் போன் செய்யலாம் என்பது சரி. மலையடிவாரத்தில் போனுக்கு டவர் கிடைக்குமா? எந்த மேட்டில் நின்றால் கிடைக்கும்? அதையும் பார்த்துவர வேண்டும். ஒரு வண்டியும், தூங்கி எழுந்த ஒரு டிரைவரும் இரவு முழுக்க முகாமிலேயே இருக்க வேண்டும். பக்கத்துத் தாக்கர், காத்கரி ஆதிவாசி வாடிகளுக்குப் போய்ப் பெரியவர்களிடம் பேச வேண்டும். எந்தப் பள்ளத்தில் பாம்பு அதிகம், எந்தக் கிணறு நல்லது என்று அவர்களைவிடத் தெரிந்தவர் யார்? பிழைக்க வந்த இடத்தில் மண்ணின் மக்களை மதிக்காமல் பாட்டுப் பெட்டியை அலறவிட்டுக் குப்பையைக் கொட்டிவிட்டு வரும் கூட்டம் அல்ல நாம். நாளை ஒரு ஆபத்து என்றால் முதலில் தோள் கொடுக்கப்போவதும் அவர்கள்தான்.

இப்போது பெற்றோர்களிடம் மனம்விட்டுப் பேச வேண்டிய இடத்துக்கு வருகிறோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சீட்டு வரும். ஆஸ்துமா உண்டா, வலிப்பு உண்டா, இருதயக் கோளாறு உண்டா, சர்க்கரை உண்டா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, படுக்கையில் சிறுநீர் போகும் பழக்கம் உண்டா என்று கேட்டிருப்போம். உண்மையை எழுதுங்கள். "வலிப்பு என்று எழுதினால் கூட்டிக்கொண்டு போகமாட்டார்கள்" என்ற பயம் உங்களுக்கு இருக்கும். அதைவிடப் பெரிய பயமும் இருக்கிறது. பெண்பிள்ளையாயிற்றே, நாளைக்குச் சம்பந்தம் பேசும்போது சங்கத்தில் நாலு பேருக்குத் தெரிந்த விஷயம் வெளியே வந்துவிடாதா? இந்தப் பயத்தை நாம் கேலி செய்யவில்லை. ஒரே வரிசை வீடுகளில் இருமினாலே பத்து வீட்டுக்குக் கேட்கும் வாழ்க்கை நமது. ஆகவே சீட்டை ஒட்டிய உறையில் கொடுங்கள். பாதுகாப்புப் பொறுப்பாளரான நர்ஸ் சகோதரி ஒருவர் மட்டுமே பிரிப்பார். முகாம் முடிந்ததும் உறை உங்கள் கைக்கே திரும்பும். நோய் இருக்கிறது என்பதற்காக எந்தப் பிள்ளையையும் விலக்கக் கூடாது. எந்தக் கிளையாவது விலக்கினால் இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள்.

மறைத்தால் என்ன ஆகும்? மாத்திரையை அம்மா பைக்குள் சுருட்டி வைத்து, "யாருக்கும் தெரியாமல் போட்டுக்கோ" என்று அனுப்புவார். விளையாட்டுக் களிப்பில் பிள்ளை மறந்துவிடும். இரண்டாம் இரவு, தூக்கம் கெட்ட நேரத்தில், வலிப்பு வரும். சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள், பல்லுக்கிடையில் கரண்டியைச் செருகுவார்கள். இரண்டும் தவறு. இரும்பு வலிப்பை நிறுத்தாது, கரண்டி பல்லை உடைத்து மூச்சை அடைக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் துணி வைத்து, சுற்றியுள்ள பொருட்களை அகற்றி, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் மருத்துவமனை. அந்தப் பிள்ளைக்கு வலிப்பு உண்டு என்று முன்பே தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

இன்னொன்று, பேசத் தயங்கும் விஷயம். நம்ம ஆள், நம்ம சங்கம், நம்ம ஊர் அண்ணாச்சி என்பதெல்லாம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு ஆகிவிடாது. பிள்ளைகளைக் கெடுப்பவர்களில் பெரும்பாலோர் தெரிந்தவர்களே. பெரியவர் எவரும் ஒரு பிள்ளையோடு கூடாரத்தில் தனியாக இருக்கக் கூடாது. பெண்பிள்ளைகள் பகுதிக்குப் பெண் தொண்டர்கள் மட்டுமே பொறுப்பு. புகார் வந்தால், "சங்கத்தின் மானம்" என்று உள்ளுக்குள் பேசி முடிக்கும் வேலையே கூடாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அறிந்தும் போலீசில் சொல்லாமல் மறைப்பவரும் குற்றவாளி.

தொண்டர்களுக்கும் உடம்பு உண்டு. பகலெல்லாம் பந்தல் போட்டு, இரவெல்லாம் காவல் காத்து, மறுநாள் வண்டி ஓட்டுவது வீரம் அல்ல. எட்டு மணி நேர வேலைக்காக உலகத் தொழிலாளர்கள் ரத்தம் சிந்திய வரலாற்றைப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கப்போகிறோம். அந்த வகுப்பு எடுக்கும் முகாமிலேயே சமையல் பார்க்கும் அக்காமார்கள் 18 மணி நேரம் அடுப்படியில் நிற்பதா? டியூட்டி சார்ட் போட வேண்டும். காவல் முறை மாறி மாறி வர வேண்டும். சமையலுக்கு ஆண்களும் முறை போட வேண்டும், பாத்திரம் கழுவவும்தான்.

செலவுக்கு வழி என்ன என்ற கேள்விக்கு நமது பதில் இதுதான். மேடை அலங்காரம், பொன்னாடை, ஆளுயர பேனர், வாடகை ஒலிபெருக்கி ஆகியவற்றுக்கு ஒதுக்கிய தொகையை அப்படியே கழிப்பறைக்கும், தண்ணீர் டேங்கருக்கும், கொசுவலைக்கும், இரவு வண்டிக்கும் மாற்ற வேண்டும். பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து பேசினாலே போதும். தலைவர்கள் பொன்னாடை இல்லாமல் வரட்டும்.

இந்த மாற்றத்தைக் கோரும் தீர்மானம் அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. எதிர்க்கும் தோழர்கள் வெளியே டீக்கடையில் பேசாமல் கூட்டத்துக்கு வந்து பேசட்டும். தாய்மார்கள் கட்டாயம் வர வேண்டும், இது உங்கள் பிள்ளைகளின் விஷயம். ரயில்வேயில் நடக்கும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் முதலுதவி வகுப்பில் சேர்ந்து படித்த தோழர்கள் கிளைச் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும். கிளைக்கு இரண்டு பேராவது வேண்டும். பிள்ளைகளின் சீட்டை ஒட்டிய உறையில், மேலே பிள்ளையின் பெயரும் கிளையின் பெயரும் மட்டும் எழுதி, பொதுக்குழு நாளன்றே கொண்டுவந்து சேர்க்கவும்.